ஆள் கிடைக்கவில்லை என்று டிவியில் சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் உன் மருமகளும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை விசாரித்து இரண்டு வரி எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்று சாயங்காலம் இருபத்திரண்டு நிமிடம் உன்னை டிவியிலேயே பார்த்துவிட்டதால் அந்த இரண்டு வரியை மிச்சப்படுத்துகிறேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, கோட்டு தோளில் பிடிக்கிறது, மற்றபடி சௌக்கியம். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கிறார்" என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. அதனால்தான் கடிதம். உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பினால் இதையும் உங்கள் குழு ஆழ்ந்து பரிசீலித்து வருந்திவிடும் என்பதால் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன்.

நிகழ்ச்சியில் அந்தப் பெண் உன்னிடம் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். "இவ்வளவு பெரிய சிப் தொழிற்சாலை, நாடே எதிர்பார்க்குது, ஏன் சார் இன்னும் பாதிக்கு மேல ஓடவே இல்லை?" நீ கையைக் கோத்துக்கொண்டு, ஏதோ துக்கம் சொல்ல வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கட்டடம் இருக்கு, மெஷின் இருக்கு, ஆர்டர் இருக்கு. ஆள் மட்டும் கிடைக்கலை" என்றாய். உடனே பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெஷின்களை வரிசையாகக் காட்டினார்கள். மனிதவள இயக்குநர் என்று உன் பெயருக்குக் கீழே எழுத்து ஓடியது. உன் அத்தான் டிவியைப் பார்த்தார். பிறகு திரும்பி உள் அறையைப் பார்த்தார். அங்கே உன் மருமகள், நான் பெற்ற மகள், பொருளறிவியலில் முதுகலை முடித்தவள், சிலிக்கான் தட்டில் தூசி எப்படி ஒட்டுகிறது என்பதைப் பற்றி நூற்றுப்பத்து பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவள், தரையில் உட்கார்ந்து பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். உன் அத்தான் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பைத் துடைத்தார். அவர் செருப்பைத் துடைக்கிறார் என்றால் வாயில் வருவதை அடக்குகிறார் என்று உனக்கே தெரியும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீ அப்போதும் மீட்டிங்கில் இருந்தாய். உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் முதலில் அவள் விண்ணப்பம் போட்டாள். என்ன படித்தீர்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கால்நடை மருத்துவம் இருந்தது. சிற்பம் இருந்தது. ஓட்டல் மேலாண்மை இருந்தது. பொருளறிவியல் இல்லை. சிப் செய்கிற கம்பெனியில், சிப் எதனால் செய்யப்படுகிறதோ அதைப் படித்தவருக்குப் பட்டியலில் இடமில்லை, மாட்டுக்கு ஊசி போடுகிறவருக்கு இருக்கிறது. சரி, "இதர" என்பதை அழுத்து என்றேன். அழுத்தினாள். அழுத்திய விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "தங்கள் விண்ணப்பத்தை எங்கள் குழு ஆழ்ந்து பரிசீலித்தது. வருந்துகிறோம்." நாலு வினாடி. நான் கடிகாரம் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள். நாலு வினாடியில் ஒரு குழு கூடி, ஆழ்ந்து, பரிசீலித்து, வருத்தமும் பட்டு முடித்திருக்கிறது. அவ்வளவு சுறுசுறுப்பான ஆட்கள் இருக்கும் இடத்திலா ஆள் பஞ்சம்?

அன்றைக்கு உனக்கு போன் செய்தேன், அன்றைக்கு மட்டும் எடுத்தாய். "அக்கா, ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு. சொந்தக்காரப் பொண்ணுன்னு நான் உள்ள நுழைஞ்சா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அவ திறமைசாலி, அவளா வருவா" என்றாய். நான் அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய், என் தம்பி எவ்வளவு நேர்மையானவன் பார்த்தீர்களா என்று உன் அத்தானிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமையை இந்தக் கடிதத்தின் மூலம் வாபஸ் வாங்குகிறேன்.

அப்புறம் வேலைவாய்ப்பு முகாம். கண்காட்சி மண்டபத்தில் நடந்தது, நானும் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். வாசலிலேயே உங்கள் கம்பெனி ஒரு பொம்மையை நிறுத்தியிருந்தது. சிப் மாதிரி சதுரமாக ஒரு பெரிய பெட்டி, இரண்டு பக்கமும் பூரான் கால் மாதிரி வெள்ளிக் கால்கள், நடுவில் சிரிக்கிற வாய். உள்ளே ஒரு மனிதர். கதவு வழியாக நுழையப் போய் வெள்ளிக் கால் சிக்கிக்கொண்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றார். நம்ம பொண்ணுதான் போய் ஒவ்வொரு காலாக மடக்கி விட்டாள். சிரிக்கிற வாய்க்குள்ளிருந்து அந்த ஆள் "ரொம்ப தேங்க்ஸ் மேடம், நீங்களும் இன்டர்வியூவா? நான் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர்தான். போன முகாம்ல என்னையும் வேணாம்னுட்டாங்க. இது ஒரு நாள் வேலை" என்றார். ஆளே கிடைக்காத உன் கம்பெனிக்கு, பொம்மைக்குள்ளே நிற்க ஒரு எஞ்சினியர் கிடைத்திருக்கிறார். சந்தோஷம்.

ஒன்றரை மணி நேர வரிசைக்குப் பிறகு மேஜைக்கு வந்தோம். மேஜையில் உட்கார்ந்திருந்தவர் உங்கள் கம்பெனிக்காரரே இல்லை, முந்தின நாள் வரை சோப்புக் கம்பெனிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தவராம். அவரே சொன்னார். காகிதத்தைப் புரட்டிவிட்டு, "அஞ்சு வருஷம் உள்நாட்டு சிப் உற்பத்தில அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்.

"உங்க ஃபேக்டரி எப்ப சார் ஆரம்பிச்சீங்க?" என்றாள் இவள்.

"பதினாலு மாசம் ஆச்சு."

"அதுக்கு முன்னாடி இங்க வேற எங்கயாவது சிப் செஞ்சாங்களா?"

"இல்லைங்க, நாங்கதான் முதல்."

"அப்ப அஞ்சு வருஷம் அனுபவம் உள்ள ஆள் எங்கேருந்து சார் வருவாங்க?"

அவர் ரொம்ப நிம்மதியாக, கடைசியில் தன் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவன் கிடைத்த மாதிரி, "அதான் மேடம், கிடைக்கவே மாட்டேங்குது" என்றார். ஒரு பேனா இலவசமாகக் கொடுத்தார். எழுதவில்லை.

அனுபவம்தானே வேண்டும், சரி, உங்கள் கம்பெனியே ஒரு கல்லூரியோடு சேர்ந்து ஆறு வாரப் பயிற்சி நடத்துகிறதே, அதில் சேர்த்துவிடலாம் என்று சேர்த்தோம். இரண்டாவது வாரம் அவள் மதிய உணவை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று கொடுக்கப் போனேன். தம்பி, நான் இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் வேலை பார்க்கிறவள். ஒரு தலைமுடி, ஒரே ஒரு தலைமுடி தட்டில் விழுந்தால் மொத்தத் தட்டையும் திருப்பி அனுப்புகிறவள். என் கண்ணால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கதவில் "தூசியற்ற அறை" என்று பலகை. உள்ளே ஜன்னல் திறந்து கிடக்கிறது, ஜன்னலுக்கு வெளியே சாலை போடுகிறார்கள். மெஷின் எங்கே என்றால் சுவரில் மெஷினின் படம், ஆள் உயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். வாத்தியார் ஒரு குச்சியால் படத்தைத் தட்டி, "இந்தக் கதவைத் திறந்து தட்டை உள்ளே வைக்க வேண்டும்" என்கிறார். முப்பது பிள்ளைகளும் படத்தைப் பார்த்துக் காற்றில் கதவைத் திறந்து காற்றில் தட்டை வைக்கிறார்கள். இதில் ஒருவன் காற்றில் வைத்த தட்டு சரியாக உட்காரவில்லையென்று மார்க் குறைத்தாராம். இவ்வளவும் செய்துகொண்டே அந்த வாத்தியார் இன்னொரு கையால் பிஸ்கட் சாப்பிடுகிறார். தூசியற்ற அறையில்! உதிர்கிற பிஸ்கட்!

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். "சார், அந்த பிஸ்கட்டைக் கீழ வைங்க" என்றேன். கை கழுவுவது எப்படி, தொப்பிக்குள் முடியை அடக்குவது எப்படி, அங்கியின் வெளிப்பக்கம் விரலில் படாமல் போடுவது எப்படி, எந்தக் கையுறையை எதற்கு மேல் இழுப்பது என்று அரை மணி நேரம் செய்து காட்டினேன். பிள்ளைகள் அவ்வளவு அழகாகச் செய்தார்கள். இரண்டாவது தடவைக்கே ஒருத்தரும் தப்பு விடவில்லை. ஆளுக்குத் திறமை இல்லையென்று யாரடா சொன்னது உனக்கு? வாத்தியார் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, "அம்மா, நான் வணிகவியல் படிச்சவன். எனக்கு முன்னாடி அஞ்சு பேர் இந்த வகுப்பு எடுத்தாங்க. விஷயம் தெரிஞ்சவங்களை எல்லாம் ஃபேக்டரியே தூக்கிட்டுப் போயிடுது. தெரியாதவன்தான் சொல்லிக்கொடுக்க மிஞ்சுறான். நான் மிஞ்சினவன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பாவமாகப் போய்விட்டது. பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆறு வாரம் முடிந்து சான்றிதழ் வந்து, கடைசியில் உன் கோட்டைக்கே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இவள்தான் பிடிவாதம் பிடித்தாள். "மாமா பேரைச் சொல்லாம போயிட்டு வரேன்மா" என்றாள். வாசலில் மூன்று கேட். இரண்டு பூட்டியிருந்தது. மூன்றாவது கேட் காவலாளி, "அந்த ரெண்டுக்கும் ஆள் போடலைம்மா, சுத்திக்கிட்டு வாங்க" என்றார். வெயிலில் சுற்றிக்கொண்டு போனோம். நான் வரவேற்பறையில் உட்கார்ந்தேன். சோபா நன்றாக இருக்கிறது. சுவரில் உன் படம் இருக்கிறது. "மனிதர்களே எங்கள் மூலதனம்" என்று கீழே எழுதியிருக்கிறது.

உள்ளே நடந்ததை இவள் சொன்னாள். மூன்று பேர். இரண்டு பேர் உன் பிரிவுக்காரர்கள். ஒருத்தர், "நீங்க ஒரு மிருகமா இருந்தா என்ன மிருகமா இருப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவள் யோசித்து, ஆமை என்று சொல்லியிருக்கிறாள். உடனே அவர், "வேகம் போதாது" என்று குறித்துக்கொண்டாராம். மூன்றாமவர் மட்டும் வேலை செய்கிற ஆள், ஷிப்ட் எஞ்சினியர். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் தூசியைப் பற்றிக் கேட்டார், இவள் சொன்னாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இவள் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். அவர், "இதைத்தான் நாங்க மூணு மாசமா தேடிட்டிருக்கோம். நாளைக்குக் காலைல வர முடியுமா?" என்று கேட்டேவிட்டார். ஆமைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ப்ராசஸ் இருக்கு சார்" என்றாராம்.

நாங்கள் கேட் வரைக்கும் வந்துவிட்டோம். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். அந்தச் சிவந்த கண் எஞ்சினியர்தான், மூச்சு வாங்குகிறது. என்னைப் பார்த்து, "நீங்க அம்மாவா? என் ஷிப்ட்ல ஒன்பது பேர் இருக்கணும், மூணு பேர் இருக்கோம். நான் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் ஆச்சு. இவங்களை வேற எங்கயும் அனுப்பிடாதீங்கம்மா, ஒரு வாரம் பொறுங்க" என்று கையைக் கூப்பினார். நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் கை கூப்பிப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு ஆள் கேட்டு ஒருத்தர் கும்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். பொறுக்கிறோம் சார் என்றேன்.

ஒன்பது நாள் பொறுத்தோம். பத்தாம் நாள் ஒரே தபாலில் இரண்டு கடிதம் வந்தது. முதல் கடிதம்: எஞ்சினியர் பதவிக்குத் தங்கள் தகுதி போதவில்லை. இரண்டாம் கடிதம்: டெக்னீஷியன் பதவிக்குத் தங்கள் தகுதி அதிகமாக இருக்கிறது. ஒரே பெண், ஒரே தேதி, ஒரே உறையளவு. ஒன்றில் குட்டை, இன்னொன்றில் நெட்டை. இரண்டின் கீழும் கையெழுத்து உன்னுடையது. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதாடா? முதல் எழுத்தை மேலே கொண்டுபோய் வளைக்கிறாயே, அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாய்மாமன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய முதல் கடிதம் அவளுக்கு இதுதான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு கடிதத்தையும் மடித்து வைத்துவிட்டு, "மாமா மேல கோவப்படாதம்மா. அவர் கண்ணுல என் பேப்பர் பட்டே இருக்காது" என்றாள். எனக்குக் கோபமே அதுதான்.

போன மாதம் கடல் தாண்டி ஒரு சிப் கம்பெனியிலிருந்து அவளை வீடியோவில் கூப்பிட்டார்கள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள். மிருகம் எல்லாம் கேட்கவில்லை. தூசியைப் பற்றி மட்டும் கேட்டாள். பத்து நிமிடம் என்று ஆரம்பித்தது, ஐம்பது நிமிடம் போயிற்று. நடுவில் அந்த அம்மாள் எழுந்து போய் ஒரு உடைந்த சிலிக்கான் தட்டை எடுத்து வந்து காட்டி, "இதுல என்ன கோளாறு, சொல்லு" என்கிற மாதிரி ஏதோ கேட்டாள். இவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் இரண்டு வருஷமாக இவளிடம் ஒருத்தரும் அப்படிப் பேசியதில்லை என்பது மட்டும் புரிந்தது. மறுநாளே வேலைக் கடிதம், அதற்கடுத்த வாரம் விமான டிக்கெட். வருகிற வியாழக்கிழமை போகிறாள், உன் மனைவியிடம் மட்டும் போனில் சொன்னேன். அதற்குத்தான் பெட்டி.

நான் போகாதே என்று சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? உன் அத்தான் அவள் அறை ஜன்னலுக்கு எண்ணெய் போட்டார், யார் திறக்கப் போகிறார்களோ தெரியவில்லை. இப்படி நாங்கள் இருக்கிற வீட்டில்தான் நேற்று நீ டிவியில் வந்து ஆள் இல்லை என்று சொன்னாய். அதோடு விட்டாயா? அந்தப் பெண், "படிச்ச பிள்ளைங்க ஏன் சார் வெளிநாடு போறாங்க?" என்று கேட்டதும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தத் தலைமுறைகிட்ட பிறந்த மண் மேல பற்று கொஞ்சம் குறைஞ்சு போச்சு" என்றாயே! யாருக்கடா பற்றில்லை? நாலு வினாடியில் வருந்தினது யார்? பூட்டின கேட்டைச் சுற்றி வெயிலில் நடந்தது யார்? அந்தப் பற்றை நீ அளந்து பார்த்த கருவி எது, சுவரில் படம் மாட்டியிருக்கிறதா? நீ ஆள் தேடவில்லை, தம்பி. வேண்டாம் என்று சொல்வதற்கு ஆள் தேடுகிறாய். அந்த ஒரு வேலைக்கு உன்னிடம் ஒரு குறையும் இல்லாமல் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி என் வாயிலிருந்து உன் கம்பெனியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது. பஸ்ஸில் யாராவது அது என் தம்பி என்று கண்டுபிடித்துக் கேட்டால் ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லப்போகிறேன். வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு நீ வர வேண்டாம், வந்தாலும் நான் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வேன்.

இருந்தாலும் பெரியவள் என்ற முறையில், நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். கோட்டைத் தையல்காரரிடம் கொடுத்துத் தோளில் கொஞ்சம் விடச் சொல்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும்
அக்கா

பின்குறிப்பு: இதை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது உன் மனைவி போன் செய்தாள். "அக்கா, இவர் சொல்லவே இல்லையா? ராஜினாமா குடுத்துட்டார். அந்த டிவி நிகழ்ச்சி போன வாரமே எடுத்தது. நம்ம பொண்ணு போற அதே கம்பெனி, அதே ஊர். அங்கயும் ஆள் பத்தலையாம், இங்கேருந்து படிச்ச பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு இவரை எடுத்துக்கிட்டாங்க. அடுத்த மாசம் நாங்க எல்லாரும் கிளம்பறோம்" என்றாள். போனை வைத்தேன். உன் அத்தானிடம் சொன்னேன், அவர் செருப்பைத் துடைக்கவில்லை, உட்கார்ந்து சிரித்தார், ரொம்ப நாளைக்கப்புறம்.

மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே. படித்துவிட்டாயானால் கிழித்துப் போடு, உன் மனைவியிடம் காட்டாதே. வியாழக்கிழமை கட்டாயம் விமான நிலையத்துக்கு வா. அவள் தனியாக இருந்தால் சமைக்க மாட்டாள், ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்பாள். ஜுரம் வந்தால் சொல்ல மாட்டாள். அங்கே வீடு பார்க்கும்போது அவள் இருக்கும் தெருவிலேயே பார். அடுத்த மாதம் என்பதை இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக்க முடியுமா என்று கேள், ப்ராசஸ் அது இது என்றால் நான் பேசுகிறேன். இங்கே ஆள் இல்லாவிட்டால் போகட்டும்டா. அங்கே அவளுக்கு ஒரு ஆள் வேண்டும்.